பழைய பெட்ரோல் காருக்கு டர்போ: சைலன்சரிலிருந்து டியூனிங் வரை முழு வழிகாட்டி

டர்போவைக் கடைசியாக வாங்குங்கள். (இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையால் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் கருவிதான் டர்போ. புகை சுற்றும் பக்கம் டர்பைன், காற்றை அமுக்கும் பக்கம் கம்ப்ரஸர்.) இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பெரும்பாலானோர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் மலிவாக ஒரு டர்போ கிடைத்துவிடும். அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, விரலால் சுற்றிப் பார்த்து ரசித்து, அதற்கு ஏற்றபடி காரை வளைக்கத் தொடங்குவார்கள். ஆறு மாதம் கழித்து கார் ஸ்டாண்டு மேல் நிற்கும், டர்போ துணியில் சுற்றிக் கிடக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் கணக்கு நோட்டைப் புரட்டினால் மொத்தச் செலவில் டர்போவுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் குழாய், வெல்டிங், பெட்ரோல் சப்ளை, கம்ப்யூட்டர், பெட்ரோல் அளவையும் பொறி விழும் நேரத்தையும் சரிசெய்யும் டியூனிங்.

எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்ளும் கார் 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். 1298 சிசி, 6000 ஆர்பிஎம்மில் 87 குதிரைத்திறன், 4500-இல் 113 நியூட்டன் மீட்டர் டார்க். எளிய, முரட்டு இன்ஜின். பாகங்கள் எங்கும் கிடைக்கும், அடித்துத் திருத்தத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருப்பார். உங்களிடம் வேறு கார் இருந்தாலும் கணக்கின் வழி ஒன்றுதான்.

முதலில் சட்டம், சுருக்கமாக

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காற்று மாசு, இரைச்சல் விதிகளை மீறினால் அது தனிக் கணக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே இங்கே சொல்வதெல்லாம் டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு. கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டி, லாரியிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும். தினமும் ஆபீஸ் போகும் காரில் கூடுதல் வேகம் வேண்டும் என்றால், கம்பெனியே டர்போ வைத்து விற்கும் காரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் 998 சிசியிலேயே நூறு குதிரைத்திறனைத் தாண்டியது.

இன்ஜினின் நாடி பார்த்தல்

டர்போ நோயைக் குணமாக்காது, பெரிதாக்கும். எண்ணெய் குடிக்கும் இன்ஜினில் டர்போ வைத்தால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். முதல் வேலை கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நான்கு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட்.

கூடவே ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இன்ஜின் மவுண்ட் எல்லாவற்றையும் புதுப்பித்துவிடுங்கள். பிரேக் பேடு, டயர் இரண்டையும் இப்போதே மாற்றுங்கள். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளினால் கடைசியில் பணம் இருக்காது.

முடிந்தால் டைனோவில் (சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் மெஷின்) ஒருமுறை ஏற்றி, மாற்றம் செய்வதற்கு முன்னான எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் அளக்கும்போது 87 வராது, 72 முதல் 75 வரை வரும். கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மீதி. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுதல்

கம்பெனி பிஸ்டன் வார்ப்பு அலுமினியம். அதைத் தொடாமல், இன்ஜினைத் திறக்காமல் செய்வதென்றால் 0.5 பார் பூஸ்ட்டோடு (டர்போ சேர்க்கும் கூடுதல் காற்றழுத்தம்) நிறுத்திக்கொள்வது என் கருத்து. அதைத் தாண்டும்போது ரிங் சூட்டில் விரிந்து அதன் இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும், பிஸ்டனின் ரிங் வரப்பு உடையும். 0.7 போட்டு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இரண்டாவது இன்ஜினில் இருக்கிறார்கள்.

வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். அதோடு 0.5 சேர்ந்தால் ஒன்றரை மடங்கு. அப்படியானால் 87 குதிரை 130 ஆகுமா? ஆகாது. காற்றை அமுக்கினால் சூடாகும், சூடானால் விரியும், டர்பைனைச் சுற்றவும் கொஞ்சம் போகும். இக்னிஷன் டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) பின்னுக்கு இழுக்க வேண்டும். 115 வந்தால் நல்ல வேலை. டார்க் 160-ஐ ஒட்டி வரும், அதுதான் உண்மையில் முதுகில் தெரியும்.

இந்த அளவு சக்திக்கு 6000 ஆர்பிஎம்மில் இன்ஜின் நிமிடத்துக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல் காற்றை விழுங்கும். காற்றுக்கு எடை உண்டா என்று கேட்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். டர்போ தேர்வு செய்யும்போது கம்ப்ரஸர் வரைபடத்தில் (எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று காட்டுவது) தேட வேண்டிய புள்ளி இதுதான்: அழுத்த விகிதம் 1.5, நிமிடத்துக்கு 5 கிலோ.

சைலன்சர் வேலை: டர்போவை மனதில் வைத்து

எக்ஸாஸ்டை மட்டும் மாற்றினால் இந்த இன்ஜினில் மூன்று முதல் ஐந்து குதிரை கூடும், சத்தம் இருபது குதிரைக்கு இருக்கும். பலர் அதோடு ஏமாறுகிறார்கள். ஆனால் டர்போ வைக்கும் எண்ணம் இருந்தால் எக்ஸாஸ்டிலிருந்து தொடங்குவதே சரி. ஒரே நிபந்தனை, இறுதிக் கணக்குக்கு ஏற்ற குழாயை இப்போதே போட வேண்டும். நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கும் 4-2-1 ஹெடர்ஸ் என்று காசைப் போடாதீர்கள். டர்போ வரும்போது அது குப்பைக்குப் போகும்.

டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்கும் பின்னால் உள்ள குழாய்க்கும் தர்மம் வேறு. முன்னால், இன்ஜினிலிருந்து டர்பைன் வரை, சூடும் வேகமும் வீணாகக் கூடாது. குழாய் குட்டையாக, குறுகலாக, தடிமனாக இருக்க வேண்டும். பின்னால் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. டர்பைனுக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுற்றுகிறது. பின்னால் அடைத்தால் சுற்றாது. 'கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும் சார்' என்று பட்டறையில் யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நீங்கள் நினைத்ததைச் செய்யுங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் குழாய் மிகப் பெரிதானால் வாயு வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வந்தது. டர்போவுக்குப் பின்னால் அந்த நியாயம் இல்லை.

115 குதிரைக்கு 2.25 அங்குலக் குழாய் தாராளம். டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பிலிருந்து பின்பக்கம் வரை ஒரே விட்டம். வளைவுகளை மேண்ட்ரல் வளைவாக (உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைத்தது) வாங்குங்கள், சாதாரண பெண்டிங் மெஷினில் வளைத்தால் மடிப்பில் குழாய் நசுங்கி விட்டம் குறைந்துவிடும். 304 ஸ்டெயின்லெஸ் நீடிக்கும், 409 மலிவு, மைல்டு ஸ்டீல் கடலோர ஊரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். இன்ஜின் குலுங்கும், பாடி குலுங்காது. ஆகவே இரண்டுக்கும் இடையே ஃப்ளெக்ஸ் பைப் கட்டாயம். ஒரு ஸ்ட்ரெயிட்-த்ரூ சைலன்சர் போதும், டர்போவே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். 200 செல் உலோக வகை வைத்தால் இழப்பு மிகக் குறைவு, பிட்டில், அதாவது டிராக் ஓரம், நிற்பவர்களுக்குக் கண் எரியாது.

டவுன்பைப்பில், டர்போவிலிருந்து அரை மீட்டர் தள்ளி, பெட்ரோல்-காற்றுக் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஒரு நட் வெல்ட் செய்யுங்கள். கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட கோணத்தில், மேல்பக்கமாக. கீழ்ப்பக்கம் வைத்தால் குளிர்ந்த காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் சென்சாரைக் கொன்றுவிடும்.

மேனிஃபோல்டு

நான்கு சிலிண்டரின் புகையையும் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி இது. இங்கேதான் பெரும்பாலான பட்டறை வேலை தோற்கிறது. ஷெட்யூல் 40 ஸ்டீல் பைப், ஒன்றேகால் அங்குலம், வெல்டிங் எல்போக்களோடு வாங்குங்கள். தொழிற்சாலைக் குழாய் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஹெட் பக்க ஃப்ளாஞ்ச் 10 முதல் 12 மி.மீ. தடிமன். அதை ஒரு பழைய ஹெட்டில் இறுக்கிப் போல்ட் போட்டபடியே ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் கழற்றும்போது கொஞ்சம் வளைந்திருக்கும். மில்லிங்கில் கொடுத்து முகத்தைச் சீவிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதீர்கள், கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள்.

டர்போவின் எடை முழுவதையும் மேனிஃபோல்டு மேல் தொங்கவிடாதீர்கள். பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள். மேனிஃபோல்டு சிவக்கும் அளவுக்குச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும் பொருள். தாங்கி இல்லாவிட்டால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும்.

எந்த டர்போ

இப்போது வாங்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லோர் கண்ணும் டீசல் ஸ்விஃப்ட்டின் டர்போ மேல்தான் போகும், பழைய சாமான் கடைகளில் குவிந்து கிடப்பதால். அது 75 குதிரை டீசலுக்கு அளவெடுத்துச் செய்தது. டீசல் எக்ஸாஸ்ட் முழு லோடில் சுமார் 800 டிகிரி. பெட்ரோல் 950 வரை போகும். அந்தச் சூட்டுக்கு டீசல் டர்போவின் உலோகம் செய்யப்படவில்லை, டர்பைன் ஹவுசிங் வெடிக்கும். தவிர, மேல் ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறும்.

ஒரு லிட்டரிலிருந்து 1.4 லிட்டர் வரையுள்ள பெட்ரோல் டர்போ கார்களிலிருந்து எடுத்ததாக இருந்தால் அளவு பொருந்தும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டர்போ இன்ஜின்களில் வந்த கே03 கொஞ்சம் பெரிது, பூஸ்ட் தாமதமாக வரும், ஆனால் டிராக்கில் அது குறையல்ல. வேஸ்ட்கேட் (பூஸ்ட் மீறாமல் புகையை டர்பைனுக்கு வெளியே திருப்பும் கதவு) காற்றழுத்தத்தில் இயங்கும் வகைதானா என்று பாருங்கள், மின்மோட்டார் வகை வந்தால் அதை ஓட்டத் தனி எலக்ட்ரானிக்ஸ் வேண்டும். ஸ்பிரிங் 0.4 முதல் 0.5 பார். பூஸ்ட் கன்ட்ரோலர் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கையில் இருந்தால் திருகத் தோன்றும்.

பழைய டர்போ வாங்கும்போது தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறகு ஹவுசிங்கில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. இறகு நுனிகள் கடித்தது போல இருந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஆயில் போகும் வழி, வரும் வழி

சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ பொருத்தி, எஃகு வலை போர்த்திய மெல்லிய ஹோஸில் ஆயில் கொடுக்கலாம். இது எளிது. திரும்பி வரும் வழிதான் தகராறு.

என் காருக்கு அந்த வேலையை ஒரு பட்டறை செய்துகொடுத்தது. முதல் நாள் காரி டிராக்கில் மூன்றாவது சுற்றில் பின்னால் நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். வாங்கினேன். அதுவும் புகைத்தது. அப்புறம் வண்டியைத் தூக்கி, கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் திரும்பும் ஹோஸ் ஆக்சில் தண்டைச் சுற்றிப் போவதற்காகக் கீழே இறங்கி, மறுபடி மேலேறி சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) சேர்ந்திருந்தது, கழிவறை சைஃபன் மாதிரி. டர்போவிலிருந்து வெளியேறும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, நுரைத்த மோர் போல வெறும் எடையில் வழியும். பள்ளத்தில் தேங்கியது, டர்போவுக்குள்ளேயே நிரம்பி, சீல் வழியாக எக்ஸாஸ்டுக்குப் போனது. இரண்டு டர்போவும் நல்லவைதான். ஹோஸை இரண்டு அங்குலம் நகர்த்தி நேர்ச் சரிவாக வைத்ததும் புகை நின்றது.

ஆகவே: திரும்பும் குழாயின் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல், எங்கும் பள்ளம் இல்லாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். சம்ப்பைக் கழற்றி வெல்ட் செய்யுங்கள், வண்டியிலேயே துளையிட்டு உலோகத் தூளை உள்ளே தள்ளாதீர்கள்.

காற்றைக் குளிர வைத்தல்

சென்னை மே மாதம், 40 டிகிரி காற்று. அதை ஒன்றரை மடங்கு அமுக்கினால் கம்ப்ரஸரிலிருந்து சுமார் 95 டிகிரியில் வெளிவரும், ஏறக்குறைய கொதிநீர்ச் சூடு. இன்டர்கூலர் அதை 55-க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் 12 சதவீதம் அதிகக் காற்று சிலிண்டருக்குள் போகும். அதைவிட முக்கியம், நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) தள்ளிப்போகும். நம் ஊர் வெயிலில் இன்டர்கூலர் இல்லாத டர்போ வேண்டாம். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் வையுங்கள். குழாய்கள் இரண்டு அங்குலம், இணைப்புகளுக்கு சிலிக்கான் ஹோஸ், டி-போல்ட் கிளாம்ப்.

பொருத்திய பின் டர்போ வாயை மூடி, சைக்கிள் பம்பாலோ கம்ப்ரஸராலோ 0.5 பார் காற்றடித்து, எல்லா மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். டியூனிங் நாளில் மணிக்கணக்கை மிச்சப்படுத்தும் வேலை இது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாயில் ஒருவழி வால்வு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பூஸ்ட் அதற்குள் புகுந்தால் பிரேக் கல்லாகிவிடும். இன்ஜினின் அடிப்பகுதி ஆவியை உள்ளிழுக்கும் பிசிவி குழாயிலும் அதேபோல் ஒருவழி வால்வு வேண்டும், இல்லாவிட்டால் டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வரும்.

பெட்ரோல், கம்ப்யூட்டர்

டர்போ இன்ஜினில் ஒரு குதிரைக்கு நிமிடத்துக்கு சுமார் 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். கொஞ்சம் மேலாகவே 130 என்று வைத்துக்கொள்வோம்: 130-ஐ 6.3-ஆல் பெருக்கினால் 819. பெட்ரோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் 205. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, ஆகவே 256. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு, 280 அல்லது 300 சிசி, எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காரில் டேங்குக்குத் திரும்பும் பெட்ரோல் குழாய் இல்லையென்றால் இன்னொரு சிக்கல். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில் (ஃபியூயல் ரயில்) 3 பார் இருக்கும்போது, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் 0.5 பார் எதிர்த்துத் தள்ளினால், இன்ஜெக்டர் உண்மையில் 2.5 பாரில்தான் தெளிக்கும். சுமார் 9 சதவீதம் பெட்ரோல் குறையும், அதுவும் மிக அதிகம் தேவைப்படும் நேரத்தில். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்து ஏறும் ரெகுலேட்டரும், திரும்பும் குழாயும் போட்டுவிடுவது நல்லது.

கம்பெனி ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பூஸ்ட் என்றால் என்னவென்று தெரியாது. அதன் மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்று அழுத்தம் வரைதான் படிக்கும். தனி ஈசியூ போடுங்கள். ஸ்பீடுயினோ, மெகாஸ்க்வர்ட் போன்றவை கையால் கட்டிக்கொள்ளக் கூடியவை, 2.5 பார் சென்சாரோடு இந்த வேலைக்குப் போதும். ஏமாற்றுப் பெட்டி போல் நடுவில் நுழைக்கும் பிக்கிபேக் வகையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது வேண்டும். என்ஜிகே-யில் எண் ஏறினால் குளிர்ச்சி, 6 இருந்தால் 7. இடைவெளியை 0.7 மி.மீ.க்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் பூஸ்ட்டில் பொறி அணைந்து திக்கும். கிளட்ச் நிச்சயம் வழுக்கும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட், அப்புறம் டியூனிங்

இன்ஜெக்டர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் உயிர் கொடுக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ் எதுவும் டர்போவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கக் கூடாது, இருந்தால் நடுவில் தகடு வையுங்கள்.

டியூனிங்கில் எல்லாம் பயந்தாங்கொள்ளித்தனமாகத் தொடங்க வேண்டும். பூஸ்ட்டில் ஒவ்வொரு 0.07 பாருக்கும் ஒரு டிகிரி வீதம் டைமிங்கைப் பின்னுக்கு இழுங்கள், அதாவது 0.5 பாரில் ஏழு டிகிரி. பெட்ரோல் கலவையை லாம்டாவில் (சமநிலைக் கலவையோடு ஒப்பிட்ட விகிதம்) பாருங்கள், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு இனி உதவாது. இப்போது பெட்ரோல் பங்கில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குச் சமநிலை சுமார் 13.5. லாம்டா 1 என்பது எந்த பெட்ரோலுக்கும் 1-தான். முழு பூஸ்ட்டில் 0.80 முதல் 0.82. அதைவிட எண் ஏறினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

நாக்கிங்கைக் கேட்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு சாண் செம்புக் குழாயின் ஒரு நுனியைத் தட்டையாக்கி, துளையிட்டு, இன்ஜின் பிளாக்கில் போல்ட் போடுங்கள். மறுநுனியில் ரப்பர் டியூப், அது காருக்குள் வந்து காதுமூடி ஒன்றில் முடிய வேண்டும். நல்ல இன்ஜின் தையல் மெஷின் போல் கேட்கும். நாக்கிங் வந்தால் தகர டப்பாவில் பொட்டுக்கடலையைப் போட்டுக் குலுக்கியது போல். ஒருமுறை கேட்டால் அப்புறம் மறக்காது. கேட்ட இடத்தில் இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்து, மேலே போகாதீர்கள். எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் அதை வைத்து டியூன் செய்த காருக்கு பிறகு சாதா பெட்ரோல் ஊற்றக் கூடாது.

மூன்றாம் கியரில் 2500-இலிருந்து இழுங்கள், பூஸ்ட்டுக்குப் பாதி வழி வரை, அப்புறம் முக்கால், பிறகு முழுதும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ஈசியூவின் பதிவை (லாக்) திறந்து பாருங்கள். 6000 ஆர்பிஎம் அருகே பூஸ்ட் தானாக 0.6, 0.65 என்று ஏறினால் வேஸ்ட்கேட் துளை போதவில்லை என்று அர்த்தம், அரத்தால் தேய்த்து அகலமாக்க வேண்டும். 0.6-ஐத் தாண்டினால் பெட்ரோலை வெட்டும்படி ஈசியூவில் வைத்துவிடுங்கள்.

முதல் டிராக் நாள் முடிந்து பிட்டுக்கு வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். முழுதாக ஆறிய பின் மேனிஃபோல்டு, டர்போ, டவுன்பைப் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். அடுத்த முறை கோடு நகர்ந்திருந்தால் எது தளர்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் காரில் நாலாவது சிலிண்டரின் கீழ் நட்டு மட்டும் இன்னும் ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று நகர்கிறது.